இதயத்துள் வைத்த உலோகம்

தில்லிக்கு வரும் விருந்தினருக்கு மெஹ்ரௌலி இரும்புத் தூணைக் காட்டாமல் அனுப்பும் வழக்கம் நம்மவரிடம் இல்லை. 1,600 ஆண்டுகளாகத் துருவுக்கு இரையாகாமல் நிற்கும் உலோகம் அது. எனினும், நிற்பது வேறு; ஓயாது இயங்குவது வேறு. மனித இதயத்தின் வால்வு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. பத்தாண்டில் அது 36 கோடியைத் தாண்டும். அத்தனை அடிகளையும், உவர்ப்பான இரத்தத்தையும் தாங்கும் பொருள் யாது?

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட ஏழைச் சிறார் நம் நாட்டில் ஏராளம். அயல்நாட்டு வால்வின் விலையோ அவர்தம் பெற்றோருக்கு எட்டாதது. எனவே 1970-களின் பிற்பகுதியில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தார். அவர் அதற்குமுன் நம் சப்தர்ஜங் மருத்துவமனையிலும், பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையிலும் பணிபுரிந்தவர். பின்னதை ஓர் இரயில்வே ஊழியன் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுவதை அன்பர்கள் பொறுத்தருள்க.

வால்வு என்பது ஒரு வளையம். அதனுள் சாய்ந்து திறக்கும் வட்டத்தகடு. தகடு நழுவாமல் காக்கும் தாங்கிகள். முதல் மாதிரியில் தாங்கியை டைட்டானியம் வளையத்தோடு பற்றவைத்தனர். சோதனைப் பொறியில் பற்றவைத்த இடம் நொறுங்கித் தாங்கி முறிந்தது. தண்டவாளத்தை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. ஒட்டிய இடமே முதலில் சோதிக்கத் தக்கது. அடுத்து, ஒரே டைட்டானியக் கட்டியிலிருந்து முழுக்கூட்டையும் கடைந்தெடுத்து, தகட்டைச் செயற்கை நீலக்கல்லால் அமைத்தனர். கடினமான கல், மென்மையான உலோகத்தைத் தேய்த்துவிட்டது. மூன்றாவதாக, கோபால்ட், குரோமியம், டங்ஸ்டன், நிக்கல் கலந்த ஹேன்ஸ்-25 என்னும் உலோகத்தில் கூட்டைக் கடைந்தனர். தேய்மானம் அடங்கியது. ஆயின், வால்வு பொருத்திய செம்மறியாடு ஒன்று திடீரென இறந்தது. நீலக்கல் தகடு உடைந்திருந்தது.

பொறியில் மட்டும் சோதித்துவிட்டு மனிதருக்குப் பொருத்தியிருந்தால் என்னவாகியிருக்கும்? எண்ணவே நடுங்குகிறது. எத்தனை ஆண்டு உழைப்பு வீணானாலும் அவர்கள் அவசரப்படவில்லை.

நான்காம் மாதிரியில் கூடு அதே ஹேன்ஸ்-25. தகடு மட்டும் உறுதியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். விலையுயர்ந்த கல் தோற்ற இடத்தில் அது நின்றது. 1990 டிசம்பர் 6-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னை டி.டி.கே. குழுமம் உற்பத்தியை ஏற்க, இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பெற்றுள்ளனர். டாக்டர் வலியத்தான் 2024-இல் மறைந்தார்.

இவ்வகை வால்வு பெற்றவர் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும். அக்குறையை எந்த உலோகமும் இன்னும் தீர்க்கவில்லை.