கழன்ற கேபிளும் பதினேழு மைல்களும்

1995ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் திகதி நண்பகல் 'றோயல் மெஜஸ்ரி' என்ற உல்லாசப் பயணக் கப்பல், பேர்முடாவிலிருந்து அமெரிக்காவின் பொஸ்ரன் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டது. அதில் 1,509 பேர் இருந்தனர். மறுநாள் இரவு 10.25 மணியளவில், நன்ரக்கெற் தீவுக்குக் கிழக்கே சுமார் 10 மைல் தொலைவிலுள்ள மணல் திட்டொன்றில் அது தரை தட்டியது. தான் நிற்பதாக நம்பிய இடத்திலிருந்து அப்போது அது 17 மைல் விலகியிருந்தது. நல்லகாலமாக உயிரிழப்பு எதுவும் நேரவில்லை. ஆயினும், கடலில் மின்னணுக் கருவிகளை நம்பிப் பயணிக்கும் எவரும் மறக்கக் கூடாத சம்பவம் இது.

இராணுவத் தேவைக்காக அமெரிக்கா உருவாக்கிய ஜீ.பி.எஸ். செய்மதி வலையமைப்பு முழுமையாகச் செயற்படத் தொடங்கியதும் அதே 1995ஆம் ஆண்டில்தான். 1983இல் வழி தவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டதை அடுத்தே, இவ்வசதி பொதுமக்களுக்கும் வழங்கப்படும் என ஜனாதிபதி றேகன் அறிவித்திருந்தார்.

அப்படியானால் கப்பல் ஏன் வழி தவறியது? விசாரணையில் தெரியவந்த காரணம் மிகச் சாதாரணமானது. ஜீ.பி.எஸ். அன்ரனா சில மாதங்களுக்கு முன்னர் இடம் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் கேபிள், புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது. செய்மதித் தொடர்பை இழந்த கருவி நின்றுவிடவில்லை. கப்பலின் வேகத்தையும் திசையையும் கொண்டு இருப்பிடத்தைத் தானே கணிக்கத் தொடங்கியது. காற்றும் நீரோட்டமும் கப்பலை மேற்கே தள்ளிக்கொண்டிருந்தது அக்கணக்கில் சேரவில்லை. திரையின் ஓரத்தில் 'டி.ஆர்.', 'எஸ்.ஓ.எல்.' என்ற சிறிய எழுத்துகள் மட்டும் தோன்றின. தன்னியக்கச் செலுத்தியோ தனக்குக் கிடைத்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டது.

தவறைக் காட்டக்கூடிய சாட்சிகள் இல்லாமலில்லை. தரை வானொலி அலைகளைக் கொண்டு இயங்கும் லொரான் கருவி கப்பலில் இருந்தது. அதன் அளவீட்டை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆழமானியின் எச்சரிக்கை ஒலி சுழியத்தில் வைக்கப்பட்டிருந்தது. றேடாரில் தெரிந்த ஒரு மிதவையைத் தாங்கள் எதிர்பார்த்த மிதவை என்றே அதிகாரி கருதினார்.

எல்லாவற்றையும் விட வியப்பானது இன்னொன்று. அயலில் நின்ற மீன்பிடிப் படகுக்காரர்கள் அந்தக் கப்பல் இருக்கும் இடத்தின் ஆள்கூறுகளைக் குறிப்பிட்டு வானொலியில் அதனை அழைத்தனர். பதில் வரவில்லை. சிறு படகுகள் அறிந்திருந்ததைப் பெருங்கப்பல் அறியவில்லை.

2000ஆம் ஆண்டு மே மாதம், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. அதன் பின்னர் சுமார் நூறு மீற்றராக இருந்த துல்லியம் பன்மடங்கு மேம்பட்டது. கருவி மலிந்து சிறு படகுகளுக்கும் வந்து சேர்ந்தது. கூடவே அந்தப் பழைய ஆபத்தும் வந்தது. உப்புக் காற்றில் இணைப்புகள் களிம்பு பிடிக்கின்றன. இயந்திரத்தை முடுக்கும்போது பற்றரி அழுத்தம் தாழ்ந்து கருவி அணைந்துபோகிறது. ஒலிபெருக்கிக்கு அருகே வைத்த திசைகாட்டி பொய் சொல்கிறது. புதிய கருவியைப் பொருத்தியவர், கரையில் நிற்கும்போதே அன்ரனா கேபிளை ஒருமுறை கழற்றி, திரை என்ன காட்டுகிறது என்று பார்த்து வைப்பது நல்லது. கடலில் அது நிகழும்போது அடையாளம் காண அது உதவும்.

நமது பாக்கு நீரிணையில் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு நீரில் தெரிவதில்லை. அது ஆள்கூறுகளில் மட்டுமே இருக்கிறது. அங்கே கருவி தரும் ஒரு பிழையான எண், ஒரு கடற்றொழிலாளியைச் சிறைக்கும் அவனது குடும்பத்தை வறுமைக்கும் அனுப்பிவிடலாம். அந்த இரவு 'றோயல் மெஜஸ்ரி'யில் செய்மதிகள் பிழை செய்யவில்லை. கழன்றது ஒரு கேபிள். அதைவிட முன்னரே கழன்றிருந்தது, ஒரு சாட்சியை இன்னொரு சாட்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடலோடிகளின் பழைய பழக்கம்.