யாத்தெங்கா வறள்நிலத்தில் நீர் காத்த முறைகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மேற்கு ஆப்பிரிக்காவில், சகாராப் பாலைவனத்திற்குத் தெற்கே, கடற்கரையற்ற வறிய நாடாக அமைந்துள்ளது புர்கினா பாசோ. 1960இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற இந்நாடு, 1984 வரை மேல் வோல்ட்டா என வழங்கப்பெற்றது. இதன் வட பகுதியிலுள்ள யாத்தெங்காவில் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இருவகை நிலப் பாதுகாப்பு முயற்சிகள் நடைபெற்றன. உழவரைக் கேளாது செய்யப்பட்டது சிதைந்தது. உழவரின் அறிவிலிருந்து தொடங்கியது வேரூன்றியது. அவ்வேறுபாட்டையும், அதன் பின் எழுந்த நிலவுரிமைச் சிக்கலையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மழையும்

யாத்தெங்காவில் மழை பெரும்பாலும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்திலேயே பெய்கின்றது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 400 முதல் 700 மில்லிமீட்டர் ஆகும். மரங்கள் அழிந்து மேல்மண் அரிக்கப்பட்ட இடங்களில் நிலம் ஓடுபோல் இறுகி, பெய்த மழையை உள்வாங்காது வழிந்தோடச் செய்கின்றது. எனவே இங்குள்ள இடர் மழைக்குறைவு மட்டுமன்று. பெய்த மழையும் நிலத்தில் தங்காமையே ஆகும். இத்தகைய வெற்றுநிலத்தை மோசி மக்கள் ‘சிப்பெல்லே’ என்பர். பாலையைத் தனிநிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்த நிலையாகக் காட்டும் சிலப்பதிகாரப் பார்வை இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கது.

இயந்திர வரப்புகள்

1962 முதல் 1965 வரை ஐரோப்பிய நிதியுதவியுடன் ‘கெரெஸ்’ என்னும் திட்டம் நடைபெற்றது. கனரக இயந்திரங்களைக் கொண்டு ஏறத்தாழ 1,20,000 ஹெக்டேர் பரப்பில் மண்வரப்புகள் அமைக்கப்பட்டன. உழவரின் கருத்து கேட்கப்படவில்லை. அவ்வரப்புகள் நீர்வரத்தைத் தடுத்துத் திசைதிருப்பின. உழவரோ தம் நிலத்திற்கு வழிந்துவரும் நீரைப் பயன்படுத்த விரும்பினர். ஆகவே, அவற்றைப் பேணுவாரின்றி வரப்புகள் சிதைந்தன.

கல்வரப்பும் குழியும்

1968 முதல் 1973 வரை நீடித்த கொடும் வறட்சிக்குப் பின், 1979இல் ஆக்சுபாம் நிறுவனம் யாத்தெங்காவில் வேளாண்காட்டுத் திட்டமொன்றைத் தொடங்கியது. மரம் வளர்ப்பதே அதன் முதல் நோக்கம். உழவரோ சோளமும் கம்பும் விளைவிக்கவே முன்னுரிமை அளித்தனர். திட்டத்தினர் தம் நோக்கத்தை மாற்றிக்கொண்டு, உழவர் முன்னரே அறிந்திருந்த கல்வரிசையைச் செம்மைப்படுத்தினர். கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல், நீர் நிரப்பிய குழாயால் சமவுயரக் கோடு குறிக்கப்பட்டது. எழுத்தறியாதாரும் அதனை விரைவில் கற்றனர். கல்வரப்பு நீரை முற்றும் தடுப்பதில்லை. வேகத்தைக் குறைத்துப் பரவச்செய்து, வண்டலைத் தங்கவைக்கின்றது.

இதே காலத்தில் கூர்கா என்னும் ஊரின் உழவர் யாகூபா சவடோகோ, ‘சாயி’ எனப்படும் பழைய குழிமுறையைத் திருத்தினார். கோடையிலேயே குழிகளை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி எருவிட்டார். எருவை நாடி வந்த கறையான்கள் மண்ணைத் துளைத்து நீர் இறங்க வழிசெய்தன. எருவில் கலந்திருந்த விதைகள் முளைத்தபோது, அவற்றைக் களையாது காத்துக் காடாக்கினார். ஒரு ஹெக்டேரில் குழி வெட்டப் பல நூறு மணிநேர உழைப்பு வேண்டும் என்பதும், எருவற்ற ஏழையர்க்கு இது எளிதன்று என்பதும் மறக்கலாகாதவை.

நடுப் பீடபூமியில் இம்முறைகளால் மீட்கப்பட்ட நிலம் 2 முதல் 3 இலட்சம் ஹெக்டேர் வரை இருக்கும் என ஆய்வாளர் 2009இல் மதிப்பிட்டனர். 1989இல் யாத்தெங்காவைக் கண்டு சென்ற நைசர் நாட்டு இல்லேலாப் பகுதி உழவர் தம் ஊர்களிலும் குழிமுறையைப் பரப்பினர்.

உரிமைச் சிக்கல்

வெற்றுநிலத்திற்குப் போட்டியில்லை, பசுமை திரும்பியபின் அதற்கு மதிப்பு கூடியது. வாகிகூயா நகரம் விரிவடைந்தபோது, சவடோகோ வளர்த்த காட்டின் ஒரு பகுதியும் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. 2018இல் ‘சரியான வாழ்வாதார விருது’ பெற்ற அவர் 2023இல் மறைந்தார். 2015 முதல் பெருகிய வன்முறையால் நாட்டிற்குள்ளேயே இடம்பெயர்ந்தோர், 2023இல் அரசுக் கணக்கின்படி 20 இலட்சத்தைக் கடந்தனர். பேணும் கைகள் அகன்றால் கல்வரப்பும் குழியும் நிலைத்தல் அரிது.

முடிவுரை

யாத்தெங்கா வரலாற்றில் வெற்றியையும் தோல்வியையும் முடிவுசெய்தது கருவியின் பெருமையன்று; நிலத்தில் உழைப்போர்க்கு முடிவெடுக்கும் இடம் இருந்ததா என்பதே எனலாம். நீரைத் தேக்கும் நுட்பம் உழவரிடம் இருந்தது. மீட்ட நிலத்தில் அவர் நிலைத்து வாழும் உறுதிப்பாடே இன்றளவும் முழுமையாகக் கிட்டவில்லை.