கலைந்து கலைந்து எழுந்த இசை: கிங் கிரிம்சன் இசைத்தட்டுகளின் வரலாறு

இங்கிலாந்தின் கிங் கிரிம்சன் குழு 1969 முதல் 2003 வரை ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாக்கி வெளியிட்டவை 13 இசைத்தட்டுகள். ராக் இசையின் மின்கித்தாரையும் டிரம்ஸையும் அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் மேற்கத்தியச் செவ்வியல் இசையின் நீண்ட கட்டமைப்பையும் ஜாஸின் மனோதர்மத்தையும் ஏற்றிய இசைவகை ‘புரோகிரசிவ் ராக்’ எனப்படுகிறது. அவ்வகையின் முன்னோடிகளுள் இக்குழுவும் ஒன்று. ஆயினும் இத்தட்டுகளை வரிசையாகக் கேட்பவர், ஒரு மரம் கிளைவிட்டு வளர்வதைப் போன்ற வளர்ச்சியை இவற்றில் காண முடியாது. 1969க்கும் 1974க்கும் இடையே வந்த 7 தட்டுகளில் எந்த இரண்டையும் ஒரே அணியினர் வாசிக்கவில்லை. ஏழிலும் இடம்பெற்றவர் கித்தார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் ஒருவரே. கலைவதே இக்குழுவின் இயக்கமுறையாக இருந்தது என்பதை உணர்ந்த பிறகுதான் இத்தட்டுகளின் வரலாறு பொருள்படத் தொடங்குகிறது.

1969 ஜனவரி 13 அன்று லண்டனில் ஓர் உணவகத்தின் நிலவறையில் முதல் ஒத்திகையை நடத்திய குழு, ஆறு மாதம் நிறைவதற்குள், ஜூலை 5 அன்று, ஹைட் பூங்காவில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவச நிகழ்ச்சியில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தது. அக்டோபரில் வெளிவந்த ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’ பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது. அதன் ஒலிக்குத் தனித்தன்மை தந்த கருவி மெல்லோட்ரான்: ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடாத் துண்டு பொருத்தப்பட்ட இக்கருவியில், கட்டையை அழுத்தினால் அந்நாடாவில் முன்பே பதிந்த வயலின் அல்லது புல்லாங்குழல் ஒலி ஏறக்குறைய எட்டு விநாடிகள் ஒலித்து நின்றுவிடும். இந்தக் குறைபாட்டையே குழுவில் இக்கருவியை வாசித்த இயான் மெக்டொனால்ட் அழகாக்கினார். மங்கலான, சற்றே நடுங்கும் வாத்தியக்கூட்டத்தின் ஒலி, தட்டு முழுவதும் துக்கச் சாயலைப் பரப்புகிறது. அலறும் முகத்தை அட்டையில் தீட்டிய பாரி காட்பர் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே இளம்வயதில் காலமானார். மெக்டொனால்டும் டிரம்ஸ் வாசித்த மைக்கேல் ஜைல்ஸும் 1969 இறுதியில் அமெரிக்கப் பயணத்தோடு விலகும் முடிவை எடுத்தனர்.

இரண்டாவது தட்டு முதலாவதன் வார்ப்பை அப்படியே பின்பற்றியது. 1970 டிசம்பரில் வந்த ‘லிஸர்ட்’ வேறு வகையானது. ஜாஸ் பியானோ கலைஞர் கீத் டிப்பெட்டும், ஓபோ, கார்னெட், டிராம்போன் ஆகிய ஊதுகருவிகளை வாசிப்போரும் சேர்ந்த இத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும், 20 நிமிடங்களுக்கு மேல் நீளும் ஒரே தொகுதி நிரப்புகிறது. பாடகர் கார்டன் ஹாஸ்கெல் மேடையேறுவதற்கு முன்பே விலகியதால் இதை அதே அணி மேடையில் வாசிக்க வாய்ப்பே ஏற்படவில்லை; ஃபிரிப்பும் நெடுங்காலம் இதைக் கசப்புடனேயே பேசிவந்தார். நெரிசலான இந்த ஒலிக்குள், குறிப்பாக ஓபோ தனித்து ஒலிக்கும் பகுதியில், குழு வேறெங்கும் தொடாத மென்மை இருக்கிறது.

1972இல் ஃபிரிப் முற்றிலும் புதிய அணியைத் திரட்டினார். புகழின் உச்சியிலிருந்த யெஸ் குழுவை விட்டு டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்ட் வந்தார். ஜான் வெட்டன் பாஸ் கித்தாரும் குரலும், டேவிட் கிராஸ் வயலினும், ஜேமி மியூர் பலவகைத் தாளக் கருவிகளும் ஏற்றனர். இந்த அணியின் முதல் தட்டு வெளிவரும் தறுவாயிலேயே மியூர் விலகிப் பௌத்தத் துறவு வாழ்வை நாடினார். 1974 மார்ச்சில் வந்த ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ தட்டின் பெரும்பகுதி, மேடையில் பதிந்து, கைதட்டல்களை நீக்கி எடுத்ததாகும். முன்கூட்டி எழுதாமல் அந்தக் கணத்தில் பிறந்த இசையைக் கூடத்தில் செதுக்கிய இசைபோல் முன்வைத்த இம்முறை அக்காலத்தில் துணிச்சலானது.

அத்தட்டுக்காக வெட்டன் கொண்டுவந்த பாடலொன்றை மற்றவர்கள் அப்போது ஏற்கவில்லை. அதே பாடல் விரிந்து வளர்ந்து, அவ்வாண்டு அக்டோபரில் வந்த ‘ரெட்’ தட்டின் இறுதியில் 12 நிமிட ‘ஸ்டார்லெஸ்’ ஆயிற்று. மெல்லோட்ரானின் இரங்கலோடு தொடங்கும் பாடல் ஓய்ந்ததும், பதின்மூன்று எண்ணிக்கையில் சுழலும் பாஸ் சொற்றொடர் எழுகிறது. எட்டைக் கண்டத்தோடு, அதாவது ஐந்தோடு, கூட்டி எண்ணிப் பழகிய காதுக்கு இக்கணக்கு எளிதில் பிடிபடும். அதன்மேல் ஃபிரிப் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டிச் சிறிது சிறிதாக மேலேறுகிறார். வேகமான வாசிப்பில் தேர்ந்த கலைஞர் தம் விரல்களைக் கட்டிப்போட்டு உருவாக்கும் இந்த அழுத்தமே தட்டுகள் அனைத்திலும் உயர்ந்த தருணம் எனலாம். ‘ரெட்’ கடைக்கு வந்தபோது குழு இல்லை. சில வாரங்களுக்கு முன்பே ஃபிரிப் அதைக் கலைத்திருந்தார்.

1981இல் ‘டிசிப்ளின்’ தட்டோடு திரும்பிய குழுவில் மெல்லோட்ரானும் இல்லை, துக்கமும் இல்லை. அமெரிக்கரான ஏட்ரியன் பெலூவும் ஃபிரிப்பும் இரு கித்தார்களில் ஒரே சொற்றொடரைத் தொடங்குவர். ஒருவர் ஒரு சுரத்தைக் குறைப்பதால் இரண்டும் மெல்ல விலகி, கணக்கு முடியும் இடத்தில் மீண்டும் சேரும். வெண்கல வாத்தியங்கள் பலவற்றைக் கோக்கும் இந்தோனேசியக் கேமலான் இசையின் பின்னல் இதில் தெளிவாகக் கேட்கிறது.

பழைய தட்டுகளும் பின்னர் மாறாமல் இருக்கவில்லை. 2009 முதல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன், கருவிகளைத் தனித்தனியே பதிந்த மூல நாடாக்களுக்குத் திரும்பி, அவற்றைப் புதிதாகக் கலந்தார். ‘லிஸர்டின்’ நெரிசல் அவிழ்ந்து, ஒவ்வொரு ஊதுகருவியும் தன் இடத்தில் நின்று ஒலித்தது. 2000இல் வெளிவந்த ‘தி கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் லைட்’ தட்டின் டிரம்ஸ் பதிவுகள் தொலைந்துபோனதால், குழுவின் டிரம்ஸ் கலைஞர் பேட் மாஸ்டலாட்டோ அதே இசைக்குப் புதிதாக வாசிக்க, அது 2019இல் வேறு தட்டாக வந்தது. மூன்று டிரம்ஸ் கலைஞர்களை முன்வரிசையில் அமர்த்தி 2014 முதல் 2021 வரை மேடையேறிய கடைசி அணியில், 1970இல் ‘லிஸர்டில்’ சாக்ஸபோன் ஊதிய மெல் காலின்ஸ் மீண்டும் இடம்பெற்றார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாசிக்கப்படாமல் கிடந்த, அத்தட்டின் இரண்டாம் பக்கத் தொகுதியின் பகுதிகளும் அவருடன் மேடைக்கு வந்தன.