தாடைக்கடிச் சுரப்பி: கழுத்தழகு அறுவையின் வரலாறும் திருச்சி வட்டாரமும்

உறையூர்ச் சுருட்டு ஒரு காலத்தில் உலகம் சுற்றிய சரக்கு. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலை வைத்து, கொலையாளி பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். அந்தப் புகையிலையும், காவிரிக்கரைக் கொடிக்கால் வெற்றிலையோடு சேர்ந்து போன பாக்கும் மனித வாய்க்கு என்ன செய்யும் என்பது அறுவை அரங்குகளுக்குத் தெரியும். வாய்ப் புற்று கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவி, அவற்றை அகற்ற நேரும்போது, இடையில் அமர்ந்திருக்கும் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியும் பெரும்பாலும் கூடவே போய்விடும். சுரப்பியின் குழாயில் கல் அடைத்துக்கொண்டு ஓயாமல் வீங்கினாலும் அதை எடுப்பதுண்டு. ஆக, நோய்க்காக இந்தச் சுரப்பியை எடுப்பது பழைய சங்கதி. நோயில்லாத சுரப்பியைக் கழுத்தின் வடிவுக்காகச் செதுக்குவது புதிது. அந்தப் பழக்கம் எந்த வழியாக வந்தது, இவ்வட்டாரத்தில் ஒருவர் அதைக் கேட்டு வந்தால் எதை எடைபோட வேண்டும் என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

பொன்னுக்கு வீங்கி வந்த வீட்டில் காதோர மேலண்ணச் சுரப்பியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கீழ்த்தாடைச் சுரப்பி அப்படி வெளியே தெரிவதில்லை. தாடையெலும்பின் கோணத்துக்குச் சற்று முன்னால், அடிப்புறமாக இரு விரல் வைத்து, நாக்கை அண்ணத்தில் அழுத்தினால் மெத்தென்று ஒரு திரட்சி தட்டுப்படும். எடை சுமார் 10 கிராம். அதன் குழாயை விவரித்து 1656இல் நூல் வெளியிட்டவர் லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன். இன்றும் குழாய்க்கு அவர் பெயர்தான். சாப்பிடும்போது பெருகும் உமிழ்நீரில் மேலண்ணச் சுரப்பிக்குப் பங்கு அதிகம். சும்மா இருக்கும் நேரத்தில் வாயை ஈரமாக வைத்திருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கீழ்த்தாடைச் சுரப்பியுடையது. பின்னால் வரும் வாதம் முழுக்க இந்தப் பங்கைச் சுற்றியே நிற்கிறது.

புற்றுக்காகக் கழுத்துக் கணுக்களை மொத்தமாக அகற்றும் முறையை ஜார்ஜ் கிரைல் 1906இல் முறைப்படுத்தி வெளியிட்டார். அழகு அறுவையோ அப்போது தோலைத் தாண்டவில்லை. தொய்ந்த தோலை இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைத்தார்கள். சில காலத்தில் மறுபடி தொய்ந்தது. 1968இல் மில்லார்டு குழுவினர் தாடையடிக் கொழுப்பை எடுப்பது பற்றி எழுதினார்கள். 1974இல் ஸ்கூக், 1976இல் மிட்ஸும் பெய்ரோனியும், தோலுக்குக் கீழுள்ள தசைப் படலத்தையே இழுக்க வேண்டும் என்று காட்டினார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் பிரான்சில் இலூஸ் கொழுப்பை உறிஞ்சும் முறையைப் பரப்பினார். 1980இல் எல்லன்போகனும் கார்லினும் இளமையான கழுத்துக்கு 5 அடையாளங்களை வகுத்தனர். தாடையும் கழுத்தும் கூடும் கோணம் 105 முதல் 120 பாகை என்பது அவற்றில் ஒன்று. நம் சிற்ப மரபில் சங்குக் கழுத்துக்கு மூன்று வரைகள் லட்சணம். பாகைமானி வைத்து அழகை அளக்கும் இந்தப் பட்டியலில் அந்த வரைகளுக்கு இடமில்லை.

சிக்கல் கொழுப்பை எடுக்கும் முறைகளின் வெற்றியிலேதான் முளைத்தது. தண்ணீர் வற்றியதும் காவிரியில் மணல்திட்டு தெரிவதுபோல, கொழுப்பை வழித்ததும் அதுவரை மறைந்திருந்த சுரப்பி தாடைக்கடியில் இருபுறமும் புடைத்துக் காட்டியது. 1990இல் ஃபெல்ட்மன் கழுத்துத் தோலடியில் பரந்திருக்கும் பிளாட்டிஸ்மா தசையை நடுக்கோட்டில் இறுக்கித் தைக்கும் முறையை விவரித்தார். தசை இறுகினாலும் பெரிய சுரப்பி உள்ளே அடங்குவதில்லை. 1991இல் டி பினா, கின்டா இருவரும் அழகுக்காகவே சுரப்பியை வெட்டுவது பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். 2003இல் சிங்கரும் சல்லிவனும் சடலங்களை அறுத்து ஆராய்ந்து, மோவாய்க்கடிக் கீறல் வழியாகச் சுரப்பியை அணுகும் பாதையை வகுத்துத் தந்தார்கள். அதே சல்லிவன் பெயர் 2006இல் இன்னொரு கட்டுரையில் வருகிறது: சுரப்பியை வெட்டாமல் மேலே தூக்கிக் கட்டுவது பற்றி. மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே கை இரு வழியையும் எழுதியிருப்பதே, துறைக்குள் கேள்வி தீரவில்லை என்பதற்குப் போதிய சாட்சி.

பொதுவாக முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை. உறையைத் திறந்து, தாடைக் கோட்டுக்குக் கீழே தொங்கும் பகுதியை மட்டும் உள்ளுக்குள்ளேயே செதுக்குகிறார்கள். நரம்புகள் உறைக்கு வெளியே இருப்பதால் இது ஓரளவு காப்பு. ஆனால் முகத் தமனி சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. அங்கே தோலடியில் அல்ல, தசைக்கு அடியில் இரத்தம் கசிந்து தேங்கினால் மூச்சுக்குழல் நெருக்கப்படலாம். என் கணிப்பில் இந்த அறுவையின் வரலாற்றை நகர்த்தியது உடற்கூறு அறிவைவிட இந்த அச்சம்தான். பிரேசிலின் ஆவுர்ஸ்வால்ட் இருவர் தோலை அடித்தளத்தோடு சேர்த்து வலைபோலத் தைத்து இரத்தக் கட்டைத் தடுக்கும் முறையை, முக அறுவை செய்துகொண்ட 405 பேரின் பதிவுகளோடு 2014இல் வெளியிட்டனர். அது தோலடிக் கசிவுக்குத் தீர்வு. சுரப்பிப் படுகையில் ஒவ்வொரு நாளத்தையும் தேடிக் கட்டுவதற்கு மாற்று இன்னும் இல்லை.

மற்ற இரு தொல்லைகள் உயிரை வாங்காதவை. மிச்சச் சுரப்பியிலிருந்து உமிழ்நீர் கசிந்து தோலடியில் குளம் கட்டலாம். ஊசியால் உறிஞ்சி, தேவையானால் போட்டுலினம் நச்சைச் செலுத்திச் சுரப்பை அடக்குகிறார்கள். கீழுதட்டை இறக்கும் நரம்புக் கிளை நசுங்கினால், சிரிக்கும்போது ஒரு பக்க உதடு கீழிறங்காமல் கோணும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். நாகஸ்வரக்காரருக்கு அந்தச் சில மாதம் பிழைப்பே போன மாதிரி. சீவாளியைப் பிடிப்பது அந்த உதடு.

ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, ராப் பத்து நாட்களில் அரையர்கள் மணிக்கணக்கில் பாசுரம் இசைக்கிறார்கள். அப்படிப்பட்ட தொண்டைக்கு வாயின் ஈரம் தொழிற்கருவி. அழகு அறுவைக்குப் பின் நிலையான வாய் வறட்சி அரிது என்றே இதைச் செய்பவர்கள் எழுதுகிறார்கள். மற்றச் சுரப்பிகள் ஈடுசெய்யும் என்பது அவர்கள் வாதம். ஆனால் கழுத்துத் தொய்வுக்காக வருபவர் அறுபதை நெருங்கியவராக இருப்பார். நீரிழிவு இருக்கும், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை, ஒவ்வாமைக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று ஈரத்தைக் குறைக்கும் மருந்துகள் சேர்ந்திருக்கும். சித்திரையில் 40 பாகை செல்சியஸ் தாண்டும் ஊர் வேறு. ஈடுசெய்ய வேண்டிய சுரப்பிகளே அவருக்கு அரைகுறையாகத்தான் வேலை செய்கின்றன. இந்தக் கணக்கைப் போடாமல் வெளிநாட்டு முடிவுகளைத் திருச்சியின் புத்தூருக்கும் தில்லைநகருக்கும் அப்படியே பொருத்துவது சரியாகாது.

கணக்குப் போடச் செலவும் இல்லை. காலையில் எதுவும் சாப்பிடாமல், மெல்லாமல், 15 நிமிடம் ஊறும் எச்சிலை அளவுக் குவளையில் துப்பச் சொல்லலாம். 1.5 மில்லிலிட்டரோ அதற்குக் குறைவோ என்றால் சுரப்பு ஏற்கெனவே குறைந்துவிட்டது என்று பொருள். அவருக்குச் சுரப்பியைத் தொடாமல் தசையை மட்டும் இறுக்கி, தாடைக்கடியில் கொஞ்சம் புடைப்பு மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அளவு போதுமானதாக இருந்து சுரப்பியைச் செதுக்கினால், ஆறு மாதம் கழித்து அதே குவளையில் மறுபடி அளந்து, இரண்டு எண்ணையும் நோயாளியின் கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.