அரிக்கமேட்டு மணியும் என் பேரனின் கல் உருட்டும் இயந்திரமும்

போன மாதம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. மகள் முன்பே போனில் சொல்லியிருந்தாள். "அப்பா, பையனுக்கு லீவுல பொழுது போகட்டும்னு ஒரு ராக் டம்ளர் அனுப்பியிருக்கேன்" என்றாள். என் மனைவி அதைக் காபி குடிக்கிற டம்ளர் என்று நினைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுல இல்லாத டம்ளரா?" என்று கேட்டாள். பிரித்துப் பார்த்தால் ஒரு சின்ன மோட்டார், ரப்பரில் செய்த ஒரு குட்டிப் பீப்பாய், நாலு பொட்டலம் தூள். பீப்பாய்க்குள் கல்லையும் தூளையும் தண்ணீரையும் போட்டு மூடிச் சுழல விட்டால், ஒரு மாதத்தில் கல் கண்ணாடி போல வருமாம்.

அன்று இரவிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத சத்தம். முத்தியால்பேட்டையில் தெருவுக்குத் தெரு தறி ஓடிய காலத்தில் வளர்ந்தவன் நான். சத்தம் எனக்குப் புதிதில்லை. பீப்பாயைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் பேரன் என் பழைய தகரப் பெட்டியைக் குடைந்து ஒரு மணியை எடுத்து வந்தான். சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவப்பாக, நடுவில் துளையோடு, மங்கிப்போன மணி. "தாத்தா, இது ஒரே அழுக்கா இருக்கு. இதையும் மெஷின்ல போட்டுடட்டுமா?" என்றான். போட விடவில்லை. ஏன் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த மணி அரிக்கமேட்டு மணி. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது கிடைத்தது. மழை விட்ட மறுநாள் நாங்கள் மூன்று நான்கு பையன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்புவோம். முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம் தாண்டி, அரியாங்குப்பம் பாலம் கடந்து, காக்காயந்தோப்புப் பக்கம் திரும்பினால் ஆற்றோரம் மேடு. மழை மண்ணை அரித்த இடத்தில் குனிந்து பார்த்தால் சின்னச் சின்ன மணிகள் தெரியும். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கண்ணாடிப் பாசிகள் நிறைய. கல் மணி கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். நாங்கள் ஒன்று பொறுக்குவதற்குள் அவர்கள் ஒரு கை நிறையப் பொறுக்கிவிடுவார்கள். பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களிடம் சில்லறைக்கு விற்பார்கள். நானும் விற்றிருக்கிறேன். கிடைத்த காசில் ஐஸ் வாங்கித் தின்றோம். அது தப்பு என்று எங்களுக்குச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

பிள்ளைகள் மணி பொறுக்கிய கதைக்கும் அரிக்கமேட்டின் சரித்திரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ-துப்ராய் 1937-இல் இந்த இடத்தைக் கவனித்ததே இப்படிப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைப் பார்த்துத்தான். அவர்களிடம் விலை கொடுத்து வாங்கினார். அவருக்குக் கிடைத்தவற்றில் மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லும் இருந்தது. ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் உருவம் அது என்று முடிவு செய்தார். இது அசல் ரோமானிய நகரம் என்று கவர்னருக்குத் தெரிவித்தார்.

அதற்கும் முன்னால், 18-ஆம் நூற்றாண்டிலேயே லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் அந்தப் பக்கம் இருந்த பழைய கட்டடச் சிதைவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்து, 1769 ஜூன் மாதம் அந்த ஒரு நாளில் மேகம் மூடி ஏமாந்துபோன மனிதர் அவர்தான்.

1940-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தோண்டினார்கள். 1945-இல் சர் மார்ட்டிமர் வீலர் வந்து முறையாக அகழாய்வு செய்தார். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் ஓடுகளும், இத்தாலியில் செய்த அரெட்டைன் என்ற சிவப்பு மண்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. பிறகு கசால் 1947 முதல் 1950 வரை தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மறுபடி ஆராய்ந்தார்கள். ரோமானியர்கள் வந்து உண்டாக்கிய ஊர் என்ற பேச்சு அதோடு போயிற்று. அவர்களுடைய சரக்கு வருவதற்கு முன்பே இங்கே நம் ஜனங்கள் குடியிருந்து தொழில் செய்திருக்கிறார்கள். பெரிப்ளஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூலில் வருகிற பொதுகே என்ற துறைமுகம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

அந்தத் தொழில்களில் முக்கியமானது மணி செய்வது. பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர், உலகம் முழுக்க மணிகளைத் தேடி அலைந்தவர், அரிக்கமேட்டு மணிகளைப் பல வருஷம் ஆராய்ந்தார். கண்ணாடி மணி, கல் மணி இரண்டும் இங்கேயே செய்யப்பட்டன என்று காட்டினார். முழு மணி மட்டும் கிடைத்தால் வெளியூரிலிருந்து வந்திருக்கும் என்று சொல்லலாம். இங்கே உடைத்த சில்லு, பாதி தேய்த்தது, துளை போடும்போது உடைந்தது என்று எல்லாப் பதத்திலும் கிடைத்தன. பட்டறை இருந்த இடத்தில்தான் கழிவு கிடக்கும்.

கண்ணாடி மணி செய்யும் விதம் தனி. உருக்கிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, அரிசி போலத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய முனை கையைக் கீறும். அதனால் துண்டுகளைச் சாம்பலோடு சேர்த்துச் சட்டியில் போட்டுச் சூடாக்கிக் கிளறுவார்கள். சாம்பல் துளைக்குள் போய் அடைத்துக்கொள்வதால் துளை மூடாது, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யாது. திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை இந்த வித்தையைக் கையாண்டிருக்கிறார்கள்.

கல் மணி அப்படி உருகாது, தேய்த்தாக வேண்டும். என் மணி சூதுபவளம். குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்த கல். கடினத்தில் பத்துக்கு ஏழு. இரும்புக் கத்தியால் கீறினாலும் கோடு விழாது. இதை எப்படி உருட்டி மழமழப்பாக்கினார்கள் என்று தெரிந்துகொள்ளக் குஜராத்தில் உள்ள கம்பாத் ஊரைப் பார்க்க வேண்டும். அங்கே இந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. ரத்தன்பூர் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வரும் கல்லை முதலில் வெயிலில் காயப் போடுவார்கள். பிறகு மண்சட்டியில் வைத்து மூட்டம் போட்டுச் சுடுவார்கள். மஞ்சளாக இருந்த கல், உள்ளே இருக்கிற இரும்புச் சத்தால் சிவப்பாக மாறும். தரையில் நட்ட இரும்பு முளையில் கல்லைச் சாய்த்து, எருமைக் கொம்புச் சுத்தியால் தட்டித் தட்டி உருவம் கொண்டுவருவார்கள். சாணையில் தேய்ப்பார்கள். வைர முனை வைத்த வில் துரப்பணத்தால் துளை போடுவார்கள்.

மெருகு ஏற்றுவதுதான் விசேஷம். நூற்றுக்கணக்கான மணிகளைத் தோல் பையில் போட்டு, தேய்க்கும் தூளும் தண்ணீரும் சேர்த்துக் கட்டுவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பையை இங்கும் அங்கும் உருட்டுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்துப் பதினைந்து நாள். இப்போது பைக்குப் பதில் மோட்டாரில் சுழலும் பீப்பாய் வந்துவிட்டது. என் பேரனின் இயந்திரம் அந்தத் தோல் பையின் கொள்ளுப்பேரன்தான் என்று அவனிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தான்.

தூளைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. வைரத்துக்கு அடுத்த கடினமான கனிமத்துக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். அது நம் தமிழ்ச் சொல்லான குருந்தம் என்பதிலிருந்து போனது. குருந்தக்கல் பொடியை அரக்கில் பிசைந்து சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டில் பழைய வழக்கம். கத்தி சாணை பிடிக்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவாரே, அவருடைய சக்கரத்துக்கு அதுதான் மூதாதை. 1890-களில் ஏச்சிசன் என்ற அமெரிக்கர் மின் உலையில் ஒரு புதுப் பொருளை உண்டாக்கினார். கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று நினைத்துக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. ஆனால் பெயருக்குள் நம் குருந்தம் உட்கார்ந்துவிட்டது. 1954-இல் முருகப்பா குழுமத்தார் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் பெயரிலும் அது இருக்கிறது. பேரனின் முதல் மூன்று பொட்டலங்களில் இருப்பது சிலிக்கன் கார்பைடு. கடைசி மெருகுத் தூள் அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தத்தின் பொருளேதான்.

இனி, இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்களுக்கு இந்த ஒரு மாதத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கு ஏற்ற வேலை. பொறுமை மட்டும் போதும்.

கல் எல்லாம் ஒரே கடினமாக இருக்க வேண்டும். மெதுவான கல்லைக் கடினமான கல்லோடு போட்டால் மெதுவானது கரைந்து காணாமல் போகும். வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் கிடைக்கிற வெள்ளைக் கூழாங்கல் நல்லது. கட்டட வேலைக்கு வரும் கருங்கல் ஜல்லி சரிப்படாது. அதில் பல கனிமங்கள் கலந்திருப்பதால் ஒன்று தேயும், ஒன்று தேயாது. விரிசல் விட்ட கல்லை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். விரிசலில் தூள் புகுந்துகொண்டு அடுத்த கட்டத்தில் வெளியே வந்து எல்லாவற்றையும் கீறும்.

பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், முக்கால் பங்குக்கு மேல் போகாமல் கல் இருக்க வேண்டும். குறைந்தால் கல் எகிறி விழுந்து உடையும், கூடினால் உருளாது. பெரியதும் சிறியதும் கலந்து போடுங்கள். தண்ணீர் மேல் கல்லின் அடி வரை போதும். முதலில் 60/90 எண் முரட்டுத் தூள், பிறகு 220, பிறகு 500, கடைசியில் மெருகுத் தூள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம். முதல் கட்டத்தில் வடிவம் வராவிட்டால் இன்னொரு வாரம் ஓட்டுங்கள். அங்கே அவசரப்பட்டால் பின்னால் சரி செய்ய முடியாது.

கட்டம் மாறும்போது கல்லையும் பீப்பாயையும் பழைய டூத் பிரஷ் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். முரட்டுத் தூளில் ஒரு பொடி தங்கினாலும் மெருகு கெடும். கழுவின சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை அனுபவப்பட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தோட்டத்தில் குழி தோண்டி ஊற்றுங்கள். மெருகு வந்துவிட்டதா என்று பார்க்கக் கல்லைத் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாக் கல்லும் பளபளக்கும்.

இதைவிட முக்கியமாக ஒன்று. கல்லை உலர்ந்த நிலையில் சாணை பிடிக்காதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. கம்பாத்தில் கல் தேய்த்தவர்களில் பலருக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததை அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து எழுதியிருக்கிறது. நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அது பிழைப்பு. அரிக்கமேட்டில் உட்கார்ந்து தேய்த்தவர்களும் அந்தத் தூசியைத்தான் சுவாசித்திருப்பார்கள். என் மணியைக் கையில் எடுக்கும்போது இப்போதெல்லாம் அந்த நினைப்பு வருகிறது.

திருவக்கரைக்குப் போனால் கல்லாகிப்போன மரத் துண்டுகளைப் பார்த்து ஆசை வரும். நன்றாக மெருகு ஏறும் கல்தான். ஆனால் அது தேசியப் புவியியல் சின்னம். ஒரு சில்லுகூட எடுத்து வரக் கூடாது. பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, அந்த மணியை ஏன் இயந்திரத்தில் போடக் கூடாது? போட்டால் பளபளக்கும், சந்தேகமில்லை. ஆனால் துளையின் ஓரத்தில் நூல் அறுத்த தேய்மானம் இருக்கிறது. யாரோ ஒருத்தி கழுத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த அடையாளம் அது. உடம்பில் சின்னச் சின்னத் தேய்ப்புக் கோடுகள் இருக்கின்றன. எந்தத் தூளால், எந்தப் பக்கமாகத் தேய்த்தார்கள் என்று படித்தவர்கள் அதிலிருந்து சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம் முரட்டுத் தூளில் உருண்டால் அத்தனையும் போய்விடும். நேற்று கடையில் வாங்கிய மணிக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

பேரன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "அப்ப நீங்க அங்கேருந்து எடுத்து வந்தது மட்டும் சரியா தாத்தா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. மணி எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதும் சரித்திரம்தான். அதை நாங்கள் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்பே ஐஸுக்கு விற்றுவிட்டோம். விற்ற மணிகள் எந்த நாட்டில் யார் மேஜையில் இருக்கின்றனவோ.

ஒரு வெள்ளைத் தாளில், எந்த மேட்டில், ஏறக்குறைய எந்த வருஷம், ஆற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் எடுத்தேன் என்று ஞாபகம் உள்ளதை எழுதி மணியோடு மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பேரனை அழைத்துக்கொண்டு, பாரதி பூங்கா பக்கத்தில் உள்ள நம் அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டு வரப்போகிறேன். அங்கே கண்ணாடிப் பெட்டியில் இதன் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம், வீராம்பட்டினம் பக்கத்து என் வயது நண்பர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும், பேத்தியின் பாசிமணி மாலையிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கலாம். தேய்க்காதீர்கள், விற்காதீர்கள். எங்கே கிடைத்தது என்பதை நினைவு இருக்கும்போதே எழுதி வையுங்கள். நமக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை.

பேரனின் கூழாங்கற்கள் நேற்றுதான் கடைசிக் கட்டம் முடிந்து வெளியே வந்தன. பன்னிரண்டு கல் போட்டதில் ஒன்பது நன்றாக வந்திருக்கின்றன. ஒன்றை எனக்குக் கொடுத்தான். தகரப் பெட்டியில் மணி இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.