கூடாமல் ஆடிய கூத்து



பாட்டைத் தனியே இருந்து பாடலாம்; ஓவியத்தைத் தனியே இருந்து தீட்டலாம்; நாடகத்துக்கோ கூட்டம் வேண்டும். ஆடுவோர் பலர் கூட வேண்டும். காண்போர் அவர்கள் எதிரே கூட வேண்டும். அதனாலேயே கொள்ளை நோய் பரவும் காலங்களில் முதலில் பூட்டப்படும் கதவுகளுள் நாடகக் கொட்டகையின் கதவும் ஒன்றாக இருந்து வந்திருக்கிறது. 1592-ஆம் ஆண்டுக் கோடை தொடங்கி 1594 வரை, லண்டன் மாநகரின் நாடக அரங்குகள் பெரும்பகுதியும் மூடிக் கிடந்தன. நடிகர் குழுக்கள் வெளியூர்களுக்கு மூட்டை கட்டின. ஷேக்ஸ்பியர் அந்த இடைவேளையில் இரண்டு நெடுங்கவிதைகளை எழுதி அச்சேற்றினார். கூட்டம் கூட இயலாதபோது நாடகாசிரியர் கவிஞரானார், நாடகம் காத்திருந்தது.

2020-இல் அது காத்திருக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சு 11-ஆம் நாள், உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மறுநாளே நியூயார்க்கின் பிராட்வே அரங்குகள் மூடப்பட்டன. அமெரிக்கக் கல்லூரிகள் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பின. நாடகத் துறை மாணவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். இலக்கிய மாணவன் நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். பாதி ஒத்திகை முடிந்த நாடகத்தை எந்தப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வது?

எடுத்துச் சென்றவர்கள் இருந்தார்கள். நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையை அடுத்துள்ள பார்ட் கல்லூரியின் மாணவர்களைப் பற்றியே இன்று கூற விரும்புகிறேன். அவர்கள் ஒத்திகை பார்த்துக் கொண்டிருந்தது காரில் சர்ச்சில் என்னும் ஆங்கில நாடகாசிரியையின் ‘மேட் ஃபாரெஸ்ட்’. ‘பித்துக் காடு’ என்று நாம் சொல்லலாம். ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்ட் நிற்கும் சமவெளியில் முற்காலத்தில் ஒரு பெருங்காடு இருந்ததாம். வழி தெரியாத அயலார் அதற்குள் நுழைய இயலாதாம். பெயர் அதிலிருந்து வந்தது.

இந்நாடகம் பிறந்த கதையைக் கூறாமல் மேலே செல்ல இயலாது. அதுவும் ஒரு மாணவர் கதையே. ருமேனியாவை 1965 முதல் ஆண்டு வந்தவர் நிக்கோலாய் சௌசெஸ்கு. 1989 டிசம்பரில் திமிசோரா நகரில், ஒரு பாதிரியாரை வெளியேற்ற அரசு முயன்றபோது மக்கள் திரண்டனர்; துப்பாக்கிகள் முழங்கின. டிசம்பர் 21-இல் தலைநகரில் தமக்கு ஆதரவாகக் கூட்டிய பெருங்கூட்டமே தம்மை நோக்கிக் கூச்சலிடுவதைச் சௌசெஸ்கு கேட்டார். மறுநாள் கட்சித் தலைமையகத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறித் தப்பினார். 25-ஆம் நாள் அவரும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அந்தக் குருதி காய்ந்து சில மாதங்களே ஆன 1990-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், லண்டன் சென்ட்ரல் நாடகப் பள்ளியின் மாணவர்கள், இயக்குநர் மார்க் விங்-டேவியோடும் சர்ச்சிலோடும் புக்கரெஸ்டுக்குச் சென்றார்கள். அங்குள்ள நாடக மாணவர்களோடு பழகினார்கள், கண்டவரையெல்லாம் கேட்டார்கள், கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள். ஜூன் மாதத்தில் நாடகம் லண்டனில் அரங்கேறிவிட்டது. செப்டம்பரில் புக்கரெஸ்டுக்கே சென்று, அது யாருடைய கதையோ அவர்கள் முன்னிலையிலேயே ஆடினார்கள். வரலாறு எழுதுவோர்க்கு இந்த விரைவு ஏற்புடையதன்று. எனினும் நேரில் கேட்ட குரலின் சூடு ஆறுவதற்குமுன் எழுதப்பட்ட பக்கங்களுக்குப் பின்னாளில் எவரும் தர முடியாத ஒரு மதிப்பு உண்டு.

நாடகம் மூன்று பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதியில் அச்சம் நிலவும் வீடுகள். மின்பணியாளரான தந்தை வானொலியை மிக உரக்க வைக்கிறார். சுவருக்குள் அரசின் செவி இருக்கலாம் என்பதால், அந்த இசைக்கு அடியிலேயே குடும்பம் பேசிக்கொள்கிறது. அவர்கள் பேசுவது நமக்கும் கேட்பதில்லை. வானொலி நிலையத்தில் அமர்ந்து பேசும் எனக்கு இக்காட்சி சற்றே உறுத்துகிறது. செய்தியைக் கொண்டுவரப் பிறந்த கருவி, அந்த வீட்டில் பேச்சை மறைக்கும் திரையாகிவிட்டது. இறைச்சிக்காக வரிசையில் நிற்பவர்களுள் ஒருவன் ஆட்சியாளருக்கு எதிராக ஒரு சொல்லை முணுமுணுக்கிறான். உடனே மற்றவர்கள் கேளாதவர்போல் விலகுகிறார்கள்.

ஃபிளாவியா என்றோர் ஆசிரியை வருகிறாள். வகுப்பில் சௌசெஸ்குவின் புகழையே வரலாறாகக் கற்பிக்கிறாள். ஆட்சி வீழ்ந்தபின் அவள் மனம் குழம்புகிறது: வரலாறு என்பது வரலாற்று நூலில் உள்ளதுதானே, புதிய நூலைக் கொடுத்தால் அதைக் கற்பிக்கிறேன் என்ற பொருள்படப் பேசுகிறாள். பணி ஓய்வுக்குப் பின்னரே நான் இந்நாடகத்தைப் படித்தேன். அந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். ஆண்டுதோறும் மாறி வந்த பாடநூல்களை நானும் அப்படியே கையில் வாங்கி, அப்படியே வகுப்பில் திறந்தவன்தான். சிரிக்க முடியவில்லை.

பார்ட் கல்லூரிக்கு வருவோம். கல்லூரி மூடப்பட்டதும், இயக்குநர் ஆஷ்லி டாட்டாவும் மாணவர்களும் நாடகத்தைக் கைவிடவில்லை. அலுவலகக் கூட்டங்களுக்கென அமைந்த ‘ஜூம்’ என்னும் செயலியையே அரங்காகக் கொண்டார்கள். ஒவ்வொரு நடிகரும் தம் வீட்டு அறையில். ஒவ்வொருவரும் திரையில் ஒரு கட்டத்துள். நடிகரின் பின்னால் பச்சைத் துணியைக் கட்டி, அதன்மேல் வேண்டிய இடத்தின் காட்சியைக் கணினியால் பொருத்தும் முறை கைகொடுத்தது. செயலியையும் நாடகத்துக்கு ஏற்றவாறு நிரல் அறிந்தவர்கள் வளைத்துக் கொடுத்தார்கள். 2020 ஏப்ரல் 10-ஆம் நாள் நாடகம் நேரலையாக நிகழ்ந்தது. முன்கூட்டிப் பதிவு செய்து காட்டியதன்று. அந்த நொடியில் நடித்தது அந்த நொடியில் காணப்பட்டது. மே மாதத்தில், ‘தியேட்டர் ஃபார் எ நியூ ஆடியன்ஸ்’ என்னும் நியூயார்க் நாடக நிறுவனத்தோடு இணைந்து மீண்டும் நிகழ்த்தினார்கள்.

இதை நாடகம் என்று சொல்லலாமா என்ற ஐயம் எனக்கு நெடுநாள் இருந்தது. அதைத் தளரச் செய்தது அந்நாடகத்தின் இரண்டாம் பகுதியே. டிசம்பர் நாள்களைக் கண்டவர்கள் பலர் வரிசையாக வருகிறார்கள்: மாணவர், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர், படைவீரர், பூ விற்பவள், இரகசியப் போலீசு அதிகாரி, அரண்மனை கட்டுமிடத்தில் புல்டோசர் ஓட்டுபவர். ஒவ்வொருவரும், அருகில் வேறெவரும் இல்லாததுபோலத் தாம் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது ஆசிரியையின் அமைப்பு. அதாவது, ஒரே மேடையில் நிற்பவர்கள் தனித்தனி அறைகளில் இருப்பதுபோல நடிக்க வேண்டும். 1990-இல் இதற்கு நடிப்பு தேவைப்பட்டது. 2020-இல் அந்த மாணவர்கள் உண்மையாகவே தனித்தனி அறைகளில் இருந்தார்கள். எழுத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டிய தேவை அப்பகுதிக்கு இல்லை. அச்சம் மக்களைப் பிரித்து வைத்த நாட்டின் கதையை, நோய் பிரித்து வைத்த பிள்ளைகள் சொன்னார்கள்.

ஆனால் முதற்பகுதியின் வானொலிக் காட்சிக்கு இக்கருவி பகைவன். இசையையும் இரைச்சலையும் அமுக்கிப் பேச்சை மட்டும் தெளிவாகக் கொண்டுவருமாறே இத்தகைய செயலிகள் ஆக்கப்பட்டுள்ளன. பேச்சை இசையால் மறைக்க வேண்டிய காட்சிக்கு இதைவிடப் பொருந்தாத கருவி உண்டோ? மூன்றாம் பகுதியில் இடர் இன்னும் பெரிது. ஆட்சி மாறியபின் நடக்கும் ஒரு திருமணத்தில் உறவினர் கூடுகிறார்கள், குடிக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள். இறுதியில் ஆடிக்கொண்டே எல்லோரும் ஒரே நேரத்தில் தத்தம் மனத்தில் உள்ளதைப் பேசுகிறார்கள். பத்து வாய்கள் ஒருங்கே திறந்தால் ஒரு குரலை உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்துவது இக்கருவியின் இயல்பு. ஒலி ஒருவரிடமிருந்து மற்றவரை அடைய ஒரு கணம் பிந்துவதால், தாளம் தப்பாமல் சேர்ந்து ஆடவும் இயலாது. ஒருவரையொருவர் தொடவோ வேறு வழியே இல்லை. அவ்வாண்டு இணைய நாடகங்களில் ஓர் உத்தி பரவியது: ஒரு நடிகர் தம் கட்டத்துக்கு வெளியே ஒரு கோப்பையை நீட்டுவார், மற்றவர் தம் வீட்டிலிருந்த அதே போன்ற கோப்பையைத் தம் கட்டத்துக்குள் இழுப்பார். கண் அதை நம்பும். ஆனால் அடியும் அணைப்பும் கோப்பையைப்போல நீட்டி வாங்கத் தக்கவை அல்ல. அச்சத்தின் காட்சிகளைத் தாங்கிய அதே திரை, விடுதலையின் காட்சியைத் தாங்கத் திணறியது என்பதே என் கருத்து.

தனி ஒரு கல்லூரியின் முயற்சியாகத் தொடங்கியது அடுத்த ஆண்டில் திருவிழா வடிவம் பெற்றது. அமெரிக்கக் கல்லூரி நாடகங்களுக்கென 1969-இல் ரோஜர் ஸ்டீவன்ஸ் என்பவர் தொடங்கிய விழா, கென்னடி மையத்தின் பெயரால் நெடுங்காலம் நடந்து வந்தது. எட்டு வட்டாரங்களாகப் பிரிந்து அது நடக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரி தன் காட்சியமைப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு விழா நடக்கும் ஊருக்குச் சென்று, குறுகிய நேரத்துக்குள் அயல் அரங்கில் அமைத்து ஆடி, மீண்டும் கழற்றி ஏற்றும். 2021-இன் வட்டார விழாக்கள் இணைய வழியாகவே நடந்தன. வண்டி இல்லை, அரங்கு இல்லை. அதற்குப் பதிலாகப் புதிய தொல்லை ஒன்று வந்தது. மேடையில் ஆடப் பெற்ற உரிமம் இணையத்தில் காட்டச் செல்லாது. அதற்குத் தனி உரிமம் வேண்டும். எல்லா நாடகங்களுக்கும் அது கிடைக்கவில்லை. கிடைக்கும் நாடகம் எது என்று பார்த்தே நாடகத்தைத் தேர்ந்த கல்லூரிகளும் உண்டு. கலை வரலாற்றில் இத்தகைய சில்லறைக் காரணங்களுக்கு நாம் உரிய இடம் தருவதில்லை.

நாடகம் முடிந்தபின் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரங்கில் ஆடி முடித்தவர்கள் கைகோத்து முன்வந்து வணங்குவார்கள்; கைதட்டல் எழும்; பின் ஒப்பனை அறையில் ஒரே ஆரவாரமாக இருக்கும். இணைய அரங்கில் காண்போரின் ஒலி நடிகருக்கு எட்டுவதில்லை. வேடத்தோடு வணங்கிவிட்டு அந்த மாணவர் கருவியை அணைக்கிறார். அணைத்த மறுகணம் அவர் தம் வீட்டு அறையில், பச்சைத் துணியின் முன்னே தனியாக நிற்கிறார். எவரேனும் கேட்டார்களா என்று தெரியாமல் இந்த ஒலிவாங்கியின் முன்னிருந்து எழுந்து போகும் எனக்கு, அந்த அமைதி சிறிது பழக்கமானதே.