தடுப்பூசி, டெங்கு, மாதவிடாய்: மாத்தளைத் தோட்டப்புறத்தை முன்வைத்து

தடுப்பூசி மாதவிடாயைப் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு இன்று ஓரளவு தெளிவான விடை உண்டு. அந்த விடை மாத்தளை மாவட்டத் தோட்டப் பெண்களுக்கும் பொருந்துமா, அவர்களுடைய உடலில் வைரஸ் தொற்றும் மாதவிடாயும் ஆபத்தாகச் சந்திப்பது எங்கே என்பவை வேறு கேள்விகள். முதற்கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்ததில் மற்றவை பின்னுக்குப் போய்விட்டன என்பது இக்கட்டுரையின் வாதம்.

2021 இல் கோவிட் தடுப்பூசியோடு சேர்ந்து, ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்ற பேச்சும் இலங்கையெங்கும் பரவியது. இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்து லயங்கள் அதற்கு விலக்காக இருந்திருக்க முடியாது. அதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் தோட்டத்தில் அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசு 500 ரூபா வரை ஊக்கத்தொகை கொடுத்தது. நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கு அது சின்னத் தொகையல்ல. தோட்டத்துறையில் அந்தச் சிகிச்சையின் விகிதம் நாட்டின் பிற துறைகளைவிட உயர்ந்தே இருந்தது. பிறகு 2019 இல், பக்கத்து மாவட்டமான குருநாகலில், ஒரு முஸ்லிம் வைத்தியர் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்த பின்பும் அந்தச் சந்தேகம் அடங்கவில்லை. கருப்பையைப் பற்றிய எந்த வதந்தியும் இங்கே வெற்று நிலத்தில் விழுவதில்லை.

இனி ஆய்வுகள். அமெரிக்காவின் ஒரிகன் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் எடெல்மன் குழு 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, கைப்பேசிச் செயலியில் மாதவிடாய்த் தேதிகளைப் பதிந்துவந்த 3,959 பெண்களின் தரவை எடுத்துக்கொண்டது. தடுப்பூசி போட்ட சுழற்சி ஒரு நாளுக்கும் குறைவாகவே நீண்டிருந்தது. ஒரே சுழற்சிக்குள் இரண்டு ஊசியும் போட்டவர்களுக்குச் சுமார் இரண்டு நாள். அடுத்தடுத்த சுழற்சிகளில் இந்த வித்தியாசம் மறைந்தது. அதே ஆண்டில் கேத்ரின் கிளான்சி, கேத்தரின் லீ ஆகியோரின் கணக்கெடுப்பில், ஒழுங்கான மாதவிடாய் உள்ளவர்களில் 42 சதவீதத்தினர் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தம் போனதாகச் சொன்னார்கள். இந்த 42 ஐச் சமூகம் முழுவதற்கும் பொருத்தக் கூடாது: மாற்றத்தை உணர்ந்தவர்களே இத்தகைய கணக்கெடுப்பைத் தேடி வந்து பதில் சொல்வார்கள். ஆனாலும் பெண்கள் சொன்னது கற்பனையல்ல. 2022 அக்டோபரில் ஐரோப்பிய மருந்துகள் முகமை, ஃபைசர், மொடர்னா தடுப்பூசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக மாதவிடாய்ப் போக்கைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. தொற்றும் இதைச் செய்கிறது. வூஹானில் கோவிட் கண்ட 177 பெண்களின் மாதவிடாய்த் தகவல்களைப் பார்த்தபோது, ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இரத்தப்போக்கின் அளவு மாறியிருந்தது.

காரணமும் புதிரல்ல. மூளையும் சூலகமும் ஹோர்மோன்களால் பேசிக்கொள்ளும் ஒழுங்கை, நோயெதிர்ப்புத் தூண்டல் சிறிது காலம் தடுமாறச் செய்யக்கூடும். கருப்பையின் உட்சுவரிலும் நோயெதிர்ப்புக் கலங்கள் நிறைய உண்டு. டைபாயிட் தடுப்பூசிக்குப் பின் மாதவிடாய் மாறியதை ஓர் அமெரிக்க மருத்துவர் 1913 இலேயே எழுதிவைத்தார். நூறு ஆண்டு கழித்து நடந்த கோவிட் தடுப்பூசிப் பரிசோதனைகளில் மாதவிடாயைப் பற்றிக் கேட்கவே மறந்தார்கள். சந்தேகம் வதந்தியாக மாற அந்த மறதியே போதுமானதாக இருந்தது.

செயலி ஆய்வில் இடம்பெற்றவர்கள் யார்? கருத்தடை ஹோர்மோன் பாவிக்காத, சுழற்சி ஒழுங்கான, பெரும்பாலும் படித்த அமெரிக்க வெள்ளையினப் பெண்கள். இலங்கையர் பெரும்பாலோருக்குக் கிடைத்ததோ செயலிழந்த வைரஸைக் கொண்ட சினோபாம். கொழுந்தெடுக்கும் பெண்களிடம் இரத்தசோகை பரவலாக உண்டு. பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியில் இருப்பவர்கள். அந்த ஊசியே மாதவிடாயை நிறுத்தும், இடையிடையே சொட்டவும் வைக்கும். ஆக, அமெரிக்காவில் கண்ட ‘ஒரு நாளுக்கும் குறைவு’ என்பதை அப்படியே இங்கே ஒப்பிக்க இயலாது.

ஆய்வாளர் கவனிக்காத ஒரு வசதி இங்கே இருக்கிறது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்ணுக்குச் சினைக்குழாய்தான் அடைபட்டிருக்கிறது. சூலகம் தன் பாட்டுக்கு இயங்குகிறது. ஹோர்மோன் கலப்பில்லாத இயல்பான சுழற்சி, கர்ப்பத்தால் குழம்பவும் வாய்ப்பில்லை. தடுப்பூசியின் விளைவை அளக்க இதைவிடப் பொருத்தமான குழு அரிது. செயலியும் தேவையில்லை. தோட்டத்து மாதத்துக்குச் சம்பள நாள், அட்வான்ஸ் நாள், போயா என்று வரையறைகள் உண்டு. சம்பளத்துக்கு முந்தியா, அட்வான்சுக்குப் பிந்தியா என்று கேட்டால், கலண்டரைப் பார்க்காமலே தேதியை நெருங்கிவிடலாம். கசப்பான வரலாறு விட்டுச்சென்ற ஒரு குழுவை ஆய்வுக்கு வசதி என்று எழுதுவதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது. அதற்காக அவர்களை எண்ணாமலே விடுவது அந்த வரலாற்றைச் சரிசெய்யவும் போவதில்லை.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியிலும், சந்தேகம் வதந்தியாகும் அதே சிக்கல் காத்திருக்கிறது. 2017 முதல் இலங்கையில் ஆறாம் தரச் சிறுமியருக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போடப்பட்டது. பூப்படையும் வயது அது. முதல் ஓரிரு ஆண்டில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு; யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பழி ஊசிமேல்தான் விழும். பக்கவிளைவுப் புகார்கள் எழுந்ததால் ஜப்பான் 2013 இல் தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் நடந்த ஆய்வு, மாதவிடாய்க் குழப்பம் உள்ளிட்ட 24 அறிகுறிகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று 2018 இல் காட்டியது. அப்படியிருந்தும் பரிந்துரை மீள 2022 ஆனது.

முத்துமாரியம்மனின் ஊரான மாத்தளையின் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டுக்குள் தீட்டுக்காரி போகக்கூடாது. வைரஸ் நோயையும் மாதவிடாயையும் சமூகம் சேர்த்து யோசித்தது இந்த ஓர் இடத்தில்தான், அதுவும் தலைகீழாக: அவளுடைய இரத்தம் நோயாளியை என்ன செய்யும் என்று பயந்தது, நோய் அவளுடைய இரத்தத்தை என்ன செய்யும் என்று பார்க்கவில்லை. அரச சுகாதாரப் பதிவேடுகளின் பார்வையும் அதிகம் விலகியதல்ல. பிள்ளைகள் எத்தனை, கருத்தடை முறை எது என்பதே அவற்றின் மையம்.

இதனால் கவனிக்கப்படாமல் போனது டெங்கு நாட்களில் வரும் மாதவிடாய். 2017 இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் நோய் கண்டது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன. அந்த நாட்களில் மாதவிடாய் வந்தால் அது பெரும்பாடாக மாறக்கூடும். உலக சுகாதார அமைப்பின் 2009 வழிகாட்டியும் பெண்ணுறுப்பு வழியான இரத்தப்போக்கைக் குறிப்பிடுகிறது. ஆபத்து இன்னும் நுட்பமானது. காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரத்தில் குருதி நாளங்களிலிருந்து திரவம் கசிகிறது. அதனால் இரத்தம் தடித்து, அதில் செங்குருதிக் கலங்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. அளவு ஏறும். வைத்தியர் அந்த ஏற்றத்தைப் பார்த்தே சேலைன் அளவை முடிவு செய்கிறார். அதே நேரத்தில் இரத்தமும் போய்க்கொண்டிருந்தால் அளவு ஏறாது, சிலவேளை இறங்கும். கசிவு நின்றுவிட்டது போன்ற தோற்றம் கிடைக்கும்.

டெங்கோடு வரும் தோட்டப் பெண், தான் மாதவிடாய்த் துணி மாற்றுவதை ஆண் வைத்தியரிடம் தானாகச் சொல்லமாட்டாள். வயிற்று வலிக்கு வீட்டில் பொன்ஸ்டன் என்ற வலிநிவாரணி போட்டதையும் சொல்லமாட்டாள். இரைப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய அந்த வகை மாத்திரைகள் டெங்கில் விலக்கப்பட்டவை. எனவே காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும், தமிழில், ஒரு பெண் தாதியால்: கடைசியாக மாதவிடாய் வந்து குளித்தது எப்போது, வலிக்கு என்ன மாத்திரை போட்டாய். மாதவிடாய் நெருங்குகிறது என்று தெரிந்தால் அதைத் தள்ளிப்போட நோரெதிஸ்தெரோன் மாத்திரை இருக்கிறது. சில நாள் முன்பே தெரிந்தால்தான் தள்ளிப்போட அது பயன்படும்.